கலர் கார்டில் சேரும் பிள்ளைக்குக் கொடிக்கம்பு, ரைஃபிள், சேபர் தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் மார்ச்சிங் பேண்டு மைதானத்தில் இறங்கும்போது, வாத்தியக்காரர்களுக்கு இடையே கொடிகளைச் சுழற்றிக்கொண்டும், வெள்ளைத் துப்பாக்கிகளை மேலே வீசிப் பிடித்துக்கொண்டும் ஒரு குழு ஆடும். அதுதான் கலர் கார்டு. காதில் விழுகிற இசையைக் கண்ணுக்கும் காட்டுவது அவர்கள் வேலை. படைப்பிரிவின் கொடியை வீரர்கள் காவல் காத்து நடக்கும் ராணுவ வழக்கத்திலிருந்து வளர்ந்த கலை இது. அதனால்தான் கொடி, துப்பாக்கி (ரைஃபிள்), வாள் (சேபர்) மூன்றும் இன்றும் அதன் முக்கியக் கருவிகள். இலையுதிர் காலத்தில் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் ஆடுவார்கள். குளிர்காலத்தில் பேண்டு இல்லாமல், பதிவுசெய்த இசைக்குப் பள்ளி ஜிம்மில் ஆடுவார்கள். அதற்கு வின்டர் கார்டு என்று பெயர். 1977-இல் தொடங்கிய வின்டர் கார்டு இன்டர்நேஷனல் அமைப்பு இந்தப் போட்டிகளை நடத்துகிறது. அதன் இறுதிச் சுற்று ஏப்ரலில் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் நடக்கும்.

இங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பெரும்பாலும் பிள்ளை வழியாகத்தான் அறிமுகமாகிறது. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த பெண்ணோ பையனோ வீட்டுக்கு வந்து, "எனக்கு ஒரு ரைஃபிள் வாங்கித் தாங்க" என்று கேட்டால் அப்பா அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போடத்தான் செய்யும். பயப்பட வேண்டாம், அது சுடுகிற துப்பாக்கி இல்லை, துப்பாக்கி வடிவில் செதுக்கிய மரம் அல்லது பிளாஸ்டிக். ஆனால் அவசரப்பட்டு ஆன்லைனில் ஆர்டர் போடவும் வேண்டாம். இந்தக் கருவிகளில் விலையையும் அழகையும் விட மூன்று விஷயங்கள் முக்கியம்: குழுவில் மற்றவர்கள் வைத்திருப்பதோடு ஒத்துப்போகிறதா, பிள்ளையின் கைக்கு எடை சரியாக இருக்கிறதா, எடை சரியான இடத்தில் இருக்கிறதா. மூன்றாவதைத்தான் புதிதாக வருபவர்கள் யோசிப்பதே இல்லை. சுழற்சி நன்றாக வருவதும் வராததும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

முதல் வேலை, கலர் கார்டு பயிற்றுநருக்கு ஒரு மின்னஞ்சல். பல பள்ளிகளில் கம்பு, ரைஃபிள், சேபர், கொடித்துணி எல்லாமே பேண்டின் சொத்து. சீசன் தொடக்கத்தில் கொடுத்து, முடிவில் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அப்படியானால் நீங்கள் வாங்கப்போவது வீட்டில் பழகுவதற்கு மட்டும். அதுவும் பள்ளியில் உள்ளதற்கு இரட்டைப் பிறவிபோல் இருக்க வேண்டும். மாலையில் 6 அடிக் கம்பில் பழகிவிட்டு, வீட்டில் 5 அடிக் கம்பைச் சுழற்றினால் கை குழம்பும். எப்போது பிடிக்க வேண்டும் என்பதைக் கை நேரக் கணக்காகத்தான் மனப்பாடம் செய்கிறது. நீளமோ எடையோ மாறினால் அந்தக் கணக்கும் மாறிவிடும்.

கம்பின் நீளம் என்ன, அடியில் எவ்வளவு எடை போடுகிறீர்கள், ரைஃபிளின் நீளம் என்ன, மரமா பிளாஸ்டிக்கா, எந்த நிற டேப், கையுறை எந்த நிறம் என்று கேளுங்கள். "எந்தக் கம்பெனி, எந்த மாடல்" என்றும் கூச்சப்படாமல் கேட்கலாம். சிலம்பம் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு பழக்கத்தை விட்டுவிட வேண்டியிருக்கும். சிலம்பத்தில் கம்பின் நீளத்தை ஆடுபவரின் உயரத்துக்கு ஏற்ப முடிவு செய்வோம். இங்கே அப்படி இல்லை. வரிசையில் இருபது பேர் நின்றால் இருபது கம்புகளும் ஒரே நீளம். தூரத்து கேலரியிலிருந்து பார்க்கும் நடுவர் கண்ணுக்கு முனைகள் எல்லாம் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். குள்ளமான பிள்ளைக்கும் அதே கம்புதான்.

அப்புறம், காலம். மைதான சீசனுக்கான ஆடிஷன் பொதுவாக வசந்த காலத்தில் நடக்கும், ஜூலை இறுதியிலோ ஆகஸ்டிலோ பேண்ட் கேம்ப். ஆடிஷனுக்கு முன்பே சாமான் வாங்கிக் குவிக்க வேண்டாம். பிள்ளைக்குக் கொடி வரிசையில் இடம் கிடைக்குமா, ரைஃபிள் வரிசையிலா என்பதே அதற்குப் பிறகுதான் தெரியும்.

முதலில் கொடிக்கம்பு

எல்லோரும் தொடங்குவது கொடியில்தான், தொடங்க வேண்டியதும் அதில்தான். கடைகளில் 5 முதல் 7 அடி வரை கம்புகள் கிடைக்கும். உயர்நிலைப் பள்ளிக் குழுக்களில் அதிகம் பார்ப்பது 6 அடி, அதாவது 183 சென்டிமீட்டர். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 5 அல்லது ஐந்தரை அடி வசதி. பெரும்பாலான கம்புகள் ஓர் அங்குலத் தடிமன் உள்ள அலுமினியக் குழாய்கள். உள்ளே வெற்றிடம் இருப்பதுதான் பின்னால் நமக்கு உதவப்போகிறது.

அலுமினியத்திலேயே சுவர் மெல்லியது, கனமானது என்று இரண்டு வகை உண்டு. மெல்லியது கைக்கு இலகு, ஆனால் தரையில் நாலு தடவை விழுந்தால் நசுங்கும், வளையும். வளைந்த கம்பு சுழலும்போது தள்ளாடும். அதை நிமிர்த்தினாலும் பழைய நிலைக்கு வராது. தொடக்கத்தில் கம்பு கீழே விழுந்துகொண்டேதான் இருக்கும் என்பதால், பழகுவதற்குக் கனமான சுவர் உள்ளதே என் தேர்வு. சிலர் செலவைக் குறைக்க ஹார்டுவேர் கடையில் பிளாஸ்டிக் குழாயை வெட்டிக் கொடுப்பார்கள். ஒருநாள் விளையாட்டுக்கு அது போதும். ஆனால் அது நடுவில் துவளும். துவளும் கம்பில் பழகிய மணிக்கட்டு, பின்னால் விறைப்பான கம்பு கைக்கு வரும்போது எல்லாவற்றையும் திரும்பக் கற்க வேண்டியிருக்கும்.

கம்பின் இரு முனைகளிலும் ரப்பர் மூடி கட்டாயம். மூடி இல்லாத அலுமினிய விளிம்பு கையைக் கிழிக்கும், ஜிம் தரையையும் கீறும். ஜிம்மில் ஆடும்போது கீழே விரிக்கும் வினைல் விரிப்பையும் அது ஓட்டை போட்டுவிடும்.

எடையைச் சமன் செய்வது

இந்த ஒரு வேலையை மட்டும் அவசரமில்லாமல் செய்யுங்கள்.

பொதுவான கொடித்துணியின் அளவு 36 அங்குலத்துக்கு 54 அங்குலம். 36 அங்குலப் பக்கம்தான் கம்போடு சேரும். 6 அடிக் கம்பு 72 அங்குலம். ஆகவே மேல்முனையிலிருந்து கீழே வரும் துணி கம்பின் சரிபாதியில் முடியும். அந்த இடத்தில் துணியைக் கம்போடு கட்டும் சிறு பட்டை இருக்கும். பயிற்சியில் அதை "டேப்" (tab) என்று சொல்வதைக் கேட்பீர்கள்; ஒட்டும் டேப் (tape) வேறு. அடிப்படை அசைவுகளில் ஒரு கை பெரும்பாலும் அங்கே இருக்கும், மற்றக் கை கீழே மூடியருகே. டிராப் ஸ்பின் என்று முதல் வாரத்திலேயே சொல்லித்தரும் சுழற்சியில், கம்பு அந்த நடு இடத்தைச் சுற்றித்தான் திரும்பும்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், துணி முழுவதும் மேல்பாதியில் இருக்கிறது. கம்பை விரல்மேல் வைத்துப் பார்த்தால் சமநிலைப் புள்ளி நடுவில் நிற்காது, துணிப் பக்கமாக ஏறியிருக்கும். அப்படியே சுழற்றினால் மேல்பாதி தொங்கும். ஒவ்வொரு சுற்றிலும் மணிக்கட்டு அதைத் தூக்கி நிறுத்த வேண்டியிருக்கும். அரைமணி நேரத்தில் கை வலித்துவிடும். பிள்ளை தனக்குத் திறமை இல்லை என்று நினைத்துக்கொள்ளும். உண்மையில் குறை கம்பில் இருக்கும்.

தீர்வு சுலபம். கீழ்முனைக்குள் எடை போட வேண்டும். கலர் கார்டு கடைகளில் இதற்கென்றே எடைப் போல்ட்டுகள் விற்கிறார்கள். ஹோம் டிப்போ, லோஸ் போன்ற ஹார்டுவேர் கடைகளில் குழாய்க்குள் நுழையும் அளவில் இரும்பு போல்ட்டு வாங்கியும் செய்யலாம். செய்முறை இது: துணியைக் கம்பில் மாட்டி, மேல்முனையை முழுதாக மூடிவிடுங்கள். கம்பின் நடுவில் மெல்லிய டேப்பால் ஓர் அடையாளம். கீழ் மூடியைக் கழற்றி, போல்ட்டின்மேல் எலக்ட்ரிக்கல் டேப்பைச் சுற்றிச் சுற்றி, கட்டைவிரலால் அழுத்தினால் மட்டும் உள்ளே போகிற அளவுக்குத் தடிமன் ஆக்குங்கள். லொட லொடவென்று இருக்கக் கூடாது. ஆடினால் சத்தம் வரும், வேகமாகச் சுழற்றும்போது மூடியோடு சேர்ந்து வெளியே பறக்கவும் கூடும். எதிரில் நிற்பவர் முகத்தில் ஓர் இரும்புத் துண்டு பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. போல்ட்டை உள்ளே தள்ளி, மூடியைப் போட்டு, மூடியின்மேலும் டேப் சுற்றுங்கள். இப்போது அடையாளத்தின்கீழ் விரலை வைத்துப் பாருங்கள். மேல்பக்கம் சாய்ந்தால் கீழே இன்னும் கொஞ்சம் எடை. கீழே சாய்ந்தால் சின்ன போல்ட்டு.

சில பயிற்றுநர்கள் இரு முனையிலுமே எடை போடச் சொல்வார்கள். காரணம் இருக்கிறது. முனைகளில் எடை கூடினால் கம்பைச் சுழற்றத் தொடங்குவது கடினம், ஆனால் ஒருமுறை சுழன்றுவிட்டால் தானாகவே சீராகப் போகும், காற்றடித்தாலும் தடம் மாறாது. மேலே வீசும்போதும் சுற்றுகள் நிதானமாகத் தெரியும். மைதானக் காற்றில் ஆடுபவர்களுக்கு இது நல்லது. தோள் இன்னும் உறுதிப்படாத புதுப் பிள்ளைக்கு முதல் மாதத்திலேயே இரு முனை எடை வேண்டாம். கீழ்முனையில் மட்டும் போட்டு, கை பழகியதும் கூட்டுங்கள். குழு எல்லோரும் ஒரே எடை போட வேண்டும் என்று பயிற்றுநர் சொன்னால் அதுதான் கணக்கு.

டேப் சுற்றுவதற்கும் ஒரு பக்குவம் உண்டு. வினைல் எலக்ட்ரிக்கல் டேப்பை நன்றாக இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதிமேல் ஏறும்படி சுற்றுங்கள். கடைசி ஓர் அங்குலத்தை மட்டும் இழுக்காமல் தளர்வாக ஒட்டி, வெட்டுங்கள். இழுத்து ஒட்டிய நுனி சுருங்கி மறுநாளே பிரிந்துவரும். மலிவு டேப் டெக்சாஸ் வெயிலில் பிசின் கக்கி, கம்பெல்லாம் பிசுபிசுக்கும். டேப்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

கொடித்துணி

நிகழ்ச்சிக்கான துணியைப் பள்ளி தரும். சில்க் என்றுதான் சொல்வார்கள், பெரும்பாலும் அது பாலியெஸ்டர். மெல்லியது, காற்றில் மிதக்கும், குறைந்த சூட்டில் இஸ்திரி போடலாம். பளபளக்கும் லாமே துணி அதைவிடக் கனம், விளிம்பில் நூல் பிரியும். இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் நேராக வைக்காதீர்கள். வீட்டுப் பயிற்சிக்கு அதே 36, 54 அளவில் ஏதாவது ஒரு சாதாரண பாலியெஸ்டர் துணியைத் தைத்துக்கொண்டால் போதும். நம் வீடுகளில் தையல் தெரிந்த பாட்டியோ அம்மாவோ இருப்பார்கள்; குழுவுக்கே தைத்துக் கொடுத்து உதவலாம், பேண்டு பெற்றோர் சங்கங்கள் அப்படிப்பட்டவர்களைத் தேடிக்கொண்டே இருக்கின்றன. ஒன்று கவனம்: துணியின் கனம் மாறினால் நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த சமநிலையும் மாறும். துணி மாறும்போதெல்லாம் விரலில் வைத்து ஒருமுறை பாருங்கள்.

ரைஃபிள்

கொடியில் நன்கு தேறிய பிறகுதான் ரைஃபிள். ஒரு வருடம் கொடி பிடித்துவிட்டு அடுத்த வருடம் ரைஃபிளுக்கு முயல்வது வழக்கமான பாதை.

நீளம் 30 அங்குலத்திலிருந்து 39 அங்குலம் வரை போகும். பள்ளிப் பிள்ளைகள் கையில் அதிகம் இருப்பது 36. சிறு பிள்ளைகளுக்கு 30 அல்லது 33 போதும். 39 அங்குலம் பெரிய கைகளுக்கு. டிரம் கோர் என்னும், பள்ளி சாராத அணிவகுப்பு இசைக் குழுக்களில் ஆடும் இளைஞர்கள் அளவில் யோசிக்க வேண்டியது. எடை ஏறத்தாழ ஒரு கிலோ. கேட்பதற்குக் குறைவாகத் தோன்றும். ஆனால் ஆகாயத்தில் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு அதே ஒரு கிலோ உள்ளங்கையில் இறங்கும்போது எலும்பு வரை உணர்வீர்கள்.

மரமா, பிளாஸ்டிக்கா? மரத்துக்குக் கையில் ஒரு உயிர் இருக்கிறது. உள்ளங்கையில் வந்து அடிக்கும் சத்தமே கூட்டத்தை நிமிர்ந்து உட்கார வைக்கும். ஆனால் சிமெண்டுத் தரையில் விழுந்தால் வெடிக்கும், மழையில் நனைந்து ஈரம் ஏறினால் ஊதும். பிளாஸ்டிக் அடி தாங்கும், மழைக்கும் அஞ்சாது. மரத்தில் பழகியவருக்கு மட்டும் அது சற்று வித்தியாசமாகத் தோன்றும். வீட்டு முற்றத்தில் பழகப்போகும் முதல் ரைஃபிளுக்கு, குழுவும் பிளாஸ்டிக் வைத்திருந்தால் யோசிக்காமல் பிளாஸ்டிக் வாங்குங்கள். குழு மரம் வைத்திருந்தால் மரமே வாங்கி, புல்தரையில் மட்டும் பழகச் சொல்லுங்கள்.

கையில் எடுத்தவுடன் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, கழுத்து: அடிக்கட்டையும் நடுப்பகுதியும் சேரும் மெல்லிய இடம். மர ரைஃபிள் உடைவது பெரும்பாலும் அங்கேதான். மரத்தின் ரேகை அந்த இடத்தில் நீளவாக்கில் ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் வேண்டாம். இரண்டு, பட்டை: அதை இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். தொளதொளவென்று தொங்கினால் சுழலும்போது விரல் மாட்டிக்கொள்ளும். மூன்று, போல்ட்டு: பக்கவாட்டில் நீட்டியிருக்கும் உலோகத் துண்டு. கை எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே சொல்வது அதுதான். அதன் விளிம்பு கூராக இருந்தால் டேப் போட்டு மழுக்குங்கள்.

ஆட்டம் தொடங்கும் முன்பே ரைஃபிளுக்கும் டேப் சுற்ற வேண்டும். நார் கலந்த பார்சல் டேப்பைக் கழுத்தின்மேல் நீளவாக்கில் ஒட்டி, அதன்மேல் குறுக்காகச் சுற்றி, கடைசியாக வெள்ளை எலக்ட்ரிக்கல் டேப். அடிக்கட்டையின் முனை, மூக்கு என்னும் முன்நுனி இரண்டுக்கும் கூடுதலாக இரண்டு சுற்று, தரையில் முதலில் மோதுவது அவைதான். இரு பக்கமும் ஒரே அளவு டேப் இருக்கட்டும். ஒரு முனையில் மட்டும் சுற்றிக்கொண்டே போனால் சமநிலை நகர்ந்துவிடும்.

சேபர்

வாள் என்றாலும் கூர் இல்லாத, மழுங்கிய தகடு. உலோகத்திலும் கிடைக்கிறது, பிளாஸ்டிக்கிலும் கிடைக்கிறது. மூன்றில் கடினமானதும் பொதுவாக விலை கூடியதும் இதுதான். பயிற்றுநர் சொல்லும் வரை வாங்க வேண்டாம். சமநிலைப் புள்ளி நடுவில் இல்லாமல் கைப்பிடிப் பக்கமாக இருக்கும். அதனால் வீசும்போது முனை பெரிய வட்டமும் கைப்பிடி சின்ன வட்டமும் போடும். பிடிக்க வேண்டிய கைப்பிடியும் சிறியது. வாங்கும்போது ஒரு கண்ணை மூடி, கைப்பிடியிலிருந்து முனை வரை தகட்டின் நேர்த்தியைப் பாருங்கள். முனையில் ரப்பர் மூடி போட்டு அதன்மேல் டேப். கைப்பிடி நுனியில் மரை இருக்கும் வகையானால், பயிற்சிக்கு முன் அது இறுகியிருக்கிறதா என்று விரலால் திருகிப் பார்ப்பது பழக்கமாக வேண்டும்.

கை, தலை, அக்கம்பக்கம்

விரல் நுனி திறந்த, உள்ளங்கையில் மெத்தை வைத்த கையுறை ரைஃபிளுக்கும் சேபருக்கும் மிகவும் உதவும். கொடிக்குச் சிலருக்குத் தேவைப்படாது. மோதிரம், வளையல், நீண்ட நகம் எதுவும் பயிற்சியில் கூடாது. முடியைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒன்றைப் பிள்ளையிடம் அழுத்திச் சொல்லுங்கள்: வீச்சு தவறினால் விலகிவிடு, விழட்டும். தவறாக வரும் ரைஃபிளைப் பிடிக்க முகத்தை நீட்டுவதில்தான் பல்லும் மூக்கும் போகின்றன. தலையில் அடிபட்டு மயக்கமோ வாந்தியோ வந்தால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும், "சரியாகிவிடும்" என்று உட்காரக் கூடாது.

சாதாரண அமெரிக்க வீட்டின் உட்கூரை 8 அடி உயரம். 6 அடிக் கம்பை அதற்குள் சுழற்ற முடியாது, விளக்கும் மின்விசிறியும்தான் போகும். வெளியே போக வேண்டியதுதான். அங்கே ரைஃபிள் விஷயத்தில் ஜாக்கிரதை அவசியம். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது நிஜத் துப்பாக்கியாகத் தெரியலாம். இந்த நாட்டில் அந்தத் தவறு ஆபத்தில் முடியலாம், நம் நிறத்துப் பிள்ளைகள் விஷயத்தில் நான் இன்னும் கூடுதலாகவே பயப்படுவேன். எனவே கொண்டுபோகும்போது எப்போதும் பைக்குள், தெருவில் கையில் பிடித்து நடக்கக் கூடாது, கறுப்போ பழுப்போ அடிக்கக் கூடாது, வெள்ளையாகவே இருக்கட்டும். பின்முற்றத்தில் பழகுவதானால் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. பள்ளிக்குள் கொண்டுபோவதற்கான விதியையும் பேண்டு டைரக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பேண்டு அறைக்கு நேராகக் கொண்டுபோய்ப் பூட்டிவைக்கச் சொல்லும் பள்ளிகள் உண்டு. விமானத்தில் போனால் துப்பாக்கி வடிவப் பொருளைக் கையில் கொண்டுபோக விடமாட்டார்கள், செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும். 6 அடிக் கம்புக்கு விமான நிறுவனம் கூடுதல் கட்டணம் கேட்கலாம், முன்கூட்டியே விசாரியுங்கள்.

கோடையில் காரின் பின்னால் கம்பையும் ரைஃபிளையும் போட்டுவைக்காதீர்கள். டேப்பின் பிசின் உருகி, கம்புக்குள் இருக்கும் போல்ட்டின் பிடி தளர்ந்துவிடும். ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் மூடியை இழுத்துப் பாருங்கள், கம்பைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே சத்தம் கேட்டால் அன்றைக்கே பிரித்து, புது டேப் சுற்றி அடைத்துவிடுங்கள். பையில் ஒரு சுருள் வெள்ளை டேப்பும், சின்னக் கத்தரிக்கோலும், ஒன்றிரண்டு ரப்பர் மூடிகளும் எப்போதும் இருக்கட்டும். போட்டி நாளன்று பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கும் அவை தேவைப்படும்.